அப்பளமும் கொண்டாட்டமும் கடல் கடக்க: எல்லையோரப் பெண் தொழில்முனைவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாலக்காட்டுக் கல்பாத்தியில் கொண்டாட்டம் போடுகிறவர்கள், கொழிஞ்சாம்பாறையில் அப்பளம் இடுகிறவர்கள், வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கத்தில் எண்ணெய் ஆட்டுகிறவர்கள், எல்லைக்கு இந்தப் பக்கம் ஆனைமலையில் ஊறுகாய் போடுகிறவர்கள் எனப் பல பெண்களுக்குக் கணக்கெழுதி வருகிறேன். மோரில் ஊறவைத்து உலர்த்திய மிளகாய், பாகற்காய், சுண்டைக்காய் வற்றலைத்தான் பாலக்காட்டில் கொண்டாட்டம் என்கிறார்கள். சரக்கை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆசை வந்ததும் இவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்வி துபாயைப் பற்றியோ சிங்கப்பூரைப் பற்றியோ இருக்கும். சிக்கல் பெரும்பாலும் வீட்டுக்குள் இருக்கும்: பத்திரம் யார் பெயரில், கணக்கு யார் பெயரில், ஓடிபி யாருடைய கைபேசிக்கு வருகிறது என்பதில்.

ஏற்றுமதி என்பது பெரிய கம்பெனிகளின் வேலை அல்லவா? நான்கு பேர் வேலை செய்யும் வீட்டுத் தொழிலுக்கு அது ஒத்துவருமா?

ஒத்துவரும். ஆனால் எங்கிருந்து தொடங்குகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவின் ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பில் பெண்கள் நடத்தும் தொழிலகங்கள் 80.5 லட்சம் எனத் தெரியவந்தது. மொத்தத் தொழிலகங்களில் இது 13.76 சதவீதம். அவற்றில் தமிழ்நாட்டின் பங்கு 13.51 சதவீதம், கேரளத்தின் பங்கு 11.35, ஆந்திரத்தின் பங்கு 10.56. நாட்டிலேயே முதல் மூன்று இடங்கள் நம் எல்லையோர மாநிலங்களுக்குத்தான். தொழில் செய்யும் துணிவுக்கு இங்கே பஞ்சமே இல்லை.

அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண்ணும் உண்டு. பெண்கள் நடத்தும் தொழிலகங்களில் 83 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில் கூலிக்கு ஆள் இல்லை. அவளே முதலாளி, அவளே தொழிலாளி, அவளே கணக்குப்பிள்ளை. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் உற்பத்தி நின்றுவிடும். வெளிநாட்டு வாங்குபவர் சரக்கின் ருசியைவிட முதலில் பார்ப்பது இதைத்தான்: அடுத்த மாதமும் இதே சரக்கு இதே தரத்தில் வருமா? ஆர்டர் தேடுவதற்கு முன்பே இரண்டு பேருக்காவது உங்கள் கைப்பக்குவத்தைக் கற்றுக்கொடுத்து, அளவுகளை எழுதிவையுங்கள். “கண்ணளவு உப்பு” என்று எந்த ஏட்டிலும் எழுத முடியாது.

தொழிலை நான் நடத்துகிறேன். ஜிஎஸ்டி, வங்கிக் கணக்கு எல்லாம் வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது. அப்படியே ஏற்றுமதி செய்யலாமா?

செய்யலாம், ஆனால் ஏற்றுமதியாளர் அவராகத்தான் இருப்பார். இதை நான் வருத்தத்தோடு சொல்கிறேன், ஏனென்றால் என்னிடம் வருகிறவர்களில் பலரின் நிலை இதுதான். ஏற்றுமதி இறக்குமதிக் குறியீடான ஐஇசி, பான் எண்ணோடு பிணைந்தது. அவர் பான் எண்ணில் எடுத்தால், பத்து ஆண்டு உழைப்புக்குப் பிறகும் ஏற்றுமதி வரலாறு முழுவதும் அவருடையதுதான். பெண்களுக்கென்று உள்ள மானியமும் கடன் உத்தரவாதச் சலுகையும் உங்களுக்குக் கிடைக்காது. குடும்பத்தில் ஏதாவது நேர்ந்தால் வாங்குபவரோடான ஒப்பந்தமும் கைவிட்டுப் போகலாம்.

இது குடும்பத்தோடு சண்டை போடச் சொல்லும் பேச்சு அல்ல. புதிதாகத் தொடங்கும் ஏற்றுமதிப் பிரிவையாவது உங்கள் பான் எண்ணில் தனி நிறுவனமாகத் தொடங்குங்கள் என்கிறேன். உள்ளூர் வியாபாரம் பழைய பெயரிலேயே நடக்கட்டும். குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். அதை உங்கள் ஆதார், உங்கள் பான் கொண்டு எடுங்கள். இதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகரிடம் போகாதீர்கள்.

ஐஇசி எடுப்பது கடினமா? ஆடிட்டர் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாரே?

கடினமே இல்லை. வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் 500 ரூபாய் கட்டணத்தில் எடுக்கலாம். பான், முகவரிச் சான்று, ரத்து செய்த காசோலை ஒன்று இருந்தால் போதும். ஆடிட்டர் உதவட்டும், தவறில்லை. ஆனால் பதிவில் கொடுக்கும் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாகவே இருக்க வேண்டும்.

கொழிஞ்சாம்பாறையில் ஓர் அப்பளக்காரப் பெண்ணுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஐஇசி எடுத்தபோது உதவியவர் தன் எண்ணையே கொடுத்துவிட்டார். பின்பு அவர் தொழிலை விட்டுவிட்டு வெளியூர் போய்விட்டார். ஏப்ரல் முதல் ஜூன் வரை ஆண்டுதோறும் ஐஇசி விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும், மாற்றம் எதுவும் இல்லை என்றாலும் “மாற்றமில்லை” என்று உறுதிப்படுத்த வேண்டும். இல்லையேல் குறியீடு செயலிழந்துவிடும். அந்தப் பெண்ணின் குறியீடும் அப்படிச் செயலிழந்தது அவருக்கே தெரியாது. சரக்கு கட்டி வண்டியில் ஏற்றிய பிறகு கஸ்டம்ஸ் ஏஜென்ட் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னபோதுதான் தெரிந்தது. ஓடிபி வேறொருவர் பையில் இருக்கும்வரை தொழிலும் வேறொருவர் பையில்தான் இருக்கிறது.

இதோடு சேர்த்துச் செய்ய வேண்டியவை சில உண்டு. ஏற்றுமதி செய்பவர் விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு நிதியாண்டும் எல்யூடி என்னும் உறுதிமொழிப் பத்திரத்தைத் தாக்கல் செய்தால் வரி கட்டாமலே அனுப்பலாம். இல்லாவிட்டால் வரியைக் கட்டிவிட்டுத் திரும்பப் பெறக் காத்திருக்க வேண்டும், கையிருப்பு அதில் முடங்கும். வெளிநாட்டுப் பணத்தைக் கையாளும் உங்கள் வங்கியின் அடையாள எண்ணான ஏடி குறியீட்டைத் துறைமுகக் கஸ்டம்ஸில் பதிய வேண்டும். உணவுப் பொருள் என்றால் சிறு வீட்டுத் தொழிலுக்கான அடிப்படைப் பதிவு போதாது. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் மத்திய உரிமம் வேண்டும். பிறகு பொருளுக்கேற்ற வாரியத்தில் உறுப்பினர் பதிவு. ஊறுகாய், அப்பளத்துக்கு அபெடா என்னும் வேளாண், பதப்படுத்திய உணவுப் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம். மசாலாவுக்கு ஸ்பைசஸ் போர்டு, கயிற்றுப் பொருளுக்குக் கயிறு வாரியம். கடைசி இரண்டுக்கும் தலைமையகம் கொச்சியில்தான். பாலக்காட்டிலிருந்து காலையில் ரயிலேறினால் நேரில் பேசிவிட்டு இரவு வீடு திரும்பலாம். வேறு ஊர்ப் பெண்களுக்கு வாய்க்காத வசதி இது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

வீடு கேரளத்தில், கிடங்கு பொள்ளாச்சிப் பக்கம். எந்த மாநிலத்தின் சலுகை எனக்குக் கிடைக்கும்?

எல்லையோரத்துக்கே உரிய தலைவலி இது. ஐஇசி இந்தியா முழுமைக்கும் ஒன்றுதான். கிடங்கைக் கிளையாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஜிஎஸ்டி மாநிலவாரியானது; இரண்டு மாநிலத்திலும் இடம் இருந்தால் இரண்டு பதிவு. வாளையாறு வணிகவரிச் சோதனைச்சாவடியில் லாரிகள் மணிக்கணக்கில் நின்ற காலம் 2017-இல் ஜிஎஸ்டி வந்ததோடு போய்விட்டது. ஆனால் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு எல்லை தாண்ட இ-வே பில் கட்டாயம்.

மாநில அரசின் மானியம் தொழிலகம் இருக்கும் மாநிலத்தில்தான். கேரளத்தின் குடும்பஸ்ரீ மகளிர் குழுவான அயல்கூட்டத்தில் உறுப்பினர் என்பதற்காகத் தமிழ்நாட்டுத் திட்டத்தில் கேட்க முடியாது. தமிழ்நாட்டு மகளிர் சுய உதவிக்குழுவில் இருப்பதற்காகக் கேரளத்திலும் கேட்க முடியாது. உற்பத்தி நடக்கும் இடத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, அந்த மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். புதுத் தொழில் தொடங்கக் கடனோடு மானியம் தரும் மத்திய அரசின் பிஎம்இஜிபி திட்டத்தில் கிராமப்புறப் பெண்களுக்கு 35 சதவீதம் வரை மானியம் என்று விதி இருக்கிறது. நடப்பு ஆண்டின் நிலையையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் கால் வைத்து இரண்டிலும் மானியம் வாங்க நினைப்பவர்கள் இரண்டையும் இழப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பக்கம் எல்லாப் படிவமும் மலையாளத்தில் இருக்கிறது. எனக்குத் தமிழ்தான் எழுதப் படிக்கத் தெரியும்.

கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, தமிழ்ச் சிறுபான்மையினர் மாநில அரசோடு தமிழிலேயே கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ள இடம் தருகிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களின் உள்ளூர் அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். மனுவைத் தமிழில் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது கேளுங்கள். கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை.

துபாயில் இருக்கும் தம்பி ஊருக்கு வரும்போதெல்லாம் பெட்டி நிறைய எடுத்துப்போய் விற்றுத் தருகிறான். பணமும் என் கணக்குக்கு வருகிறது. இதுவே ஏற்றுமதி தானே?

இல்லை. இது சந்தை இருக்கிறது என்பதற்கான சான்று, அவ்வளவுதான். அதற்கு நல்ல மதிப்பு உண்டு. எந்தச் சரக்கு முதலில் தீர்கிறது, யார் திரும்பக் கேட்கிறார்கள் என்று தம்பியிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவன் அனுப்பும் பணம் வங்கியின் பார்வையில் குடும்பச் செலவுக்கு வந்த பணம். ஏற்றுமதி வருவாயாக அது பதிவாகாது. மின்னணு வங்கி வரவுச் சான்று கிடைக்காது. ஐந்து ஆண்டு கழித்து ஏற்றுமதிக் கடன் கேட்டுப் போனால், கணக்கில் ஒரு ரூபாய்கூட ஏற்றுமதி காட்டாத பெண்ணாக நிற்பீர்கள்.

அடுத்த படி சிறியதுதான். இந்திய அஞ்சல் துறை 2022 முதல் தபால் நிலையங்களில் அஞ்சல் ஏற்றுமதி மையங்களைத் திறந்து வருகிறது. நாடெங்கும் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. அங்கே அஞ்சல் ஏற்றுமதிப் படிவத்தை இணையத்தில் நிரப்பிச் சில கிலோ சரக்கையும் முறைப்படி அனுப்பலாம். தம்பி அங்கே ஒரு கடைக்காரரிடம் பேசி, அவர் பெயரில் சரக்கை வரவழைத்து, அவர் வங்கியிலிருந்து உங்கள் நடப்புக் கணக்குக்குப் பணம் வரும்படி செய்தால் முதல் பில் உங்கள் பெயரில் பதிவாகிவிடும். தொகை ஐயாயிரம் ரூபாயாக இருந்தாலும் பரவாயில்லை.

லேபிளில் என்னவெல்லாம் போட வேண்டும்? உள்ளூரில் ஒட்டும் லேபிளே போதாதா?

போதாது. சரக்கு திரும்பி வருவதற்கு லேபிள் பெரிய காரணம் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மாங்காய் ஊறுகாய்ப் பாட்டில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மாங்காய், உப்பு, மிளகாய்த்தூள், நல்லெண்ணெய், கடுகு, வெந்தயம், பெருங்காயம். நம் கண்ணுக்கு இதில் பயப்பட ஒன்றும் இல்லை. அமெரிக்க அதிகாரி முதலில் நல்லெண்ணெயைப் பார்ப்பார். எள்ளை அந்த நாடு 2023 ஜனவரி 1 முதல் ஒன்பதாவது முக்கிய ஒவ்வாமைப் பொருளாகச் சேர்த்துவிட்டது. லேபிளில் எள் என்று தெளிவாக இருக்க வேண்டும். ஐரோப்பிய அதிகாரியின் பார்வை கடுகில் நிற்கும். அங்கே அறிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருள்கள் 14. எள்ளும் கடுகும் இரண்டுமே அதில் உண்டு.

இனி பெருங்காயம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ அரிசி மாவோ கலந்திருக்கும். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். கோதுமை இருந்தால் உங்கள் ஊறுகாயிலும் கோதுமை இருக்கிறது. அப்பளத்துக்கும் இதே கதை. “உளுந்துதானே, கோதுமைக்கு இங்கே என்ன வேலை” என்று கேட்பவர்களிடம் அவர்கள் சமையலறையிலிருக்கும் பெருங்காய டப்பாவை எடுத்துவரச் சொல்வேன். கோதுமை கலக்காத பெருங்காயத்துக்கு மாறிக்கொள்வது எளிது; அரிசி மாவு கலந்தது கிடைக்கிறது. மாறாவிட்டால் மறைக்காமல் எழுதுங்கள்.

இதைத் தவிர, ஊட்டச்சத்து அட்டவணை ஒவ்வொரு நாட்டுக்கும் வேறு வடிவம். வளைகுடா நாடுகளில் அரபு மொழியில் விவரம் வேண்டும், ஒட்டுத்தாளாகவும் ஒட்டலாம். தயாரித்த தேதியும் காலாவதித் தேதியும் அழியாத மையில் இருக்க வேண்டும். ஈரக்கையால் தொட்டால் கரையும் ரப்பர் ஸ்டாம்பு உதவாது. அமெரிக்காவுக்கு அனுப்புவதற்கு முன் உங்கள் தயாரிப்பிடத்தை அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகத்தில் பதிய வேண்டும். அங்கே ஒரு முகவர் வேண்டும். இரட்டைப்படை ஆண்டுகளில் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் அந்தப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். காற்றுப்புகாமல் அடைத்த சில ஊறுகாய்கள் அமிலப்படுத்திய உணவு என்ற வகையில் வரலாம். அப்போது தயாரிப்பு முறையையே தனியாகத் தாக்கல் செய்ய வேண்டும். அதனால்தான் அமெரிக்காவை முதல் சந்தையாக நான் யாருக்கும் சொல்வதில்லை.

எங்கள் சரக்கில் எந்தக் கலப்படமும் இல்லை. வீட்டுப் பக்குவம். பிறகு ஏன் பரிசோதனைக்கூடம், சான்றிதழ் என்று செலவு?

உங்கள் நேர்மையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பூஞ்சைக்கு நேர்மை தெரியாது என்பதுதான் சிக்கல்.

மிளகாய் சரியாக உலராமல் ஈரம் தங்கினால் சில பூஞ்சைகள் வளர்ந்து அஃப்ளாடாக்சின் என்ற நச்சு உண்டாகிறது. கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் இருக்காது. வறுத்தாலும் முழுதாகப் போகாது. ஐரோப்பிய ஒன்றியம் மிளகாய்க்கு அனுமதிக்கும் அளவு ஒரு கிலோவுக்கு பி1 வகை 5 மைக்ரோகிராம், மொத்தம் 10 மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்குதான் மைக்ரோகிராம். ஐப்பசி மழையில் சாக்குக்கு அடியில் இருந்த ஒரு பிடி மிளகாய் மொத்தச் சரக்கையும் கெடுத்துவிடப் போதும்.

கொண்டாட்டம் போடுகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது: தரையில் விரித்த பாயில் காயப்போடாதீர்கள். இடுப்புயரத் தட்டில், மேலே வலை போட்டு, காற்று கீழிருந்தும் போகும்படி உலர்த்துங்கள். பங்குனி, சித்திரை வெயிலை முழுதாகப் பயன்படுத்தி ஆண்டுச் சரக்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்துக்கு ஒரு சூரிய உலர்த்திக் கூண்டு வாங்குங்கள். ஈரப்பதம் அளக்கும் கருவி பெரிய விலையில்லை. ஒவ்வொரு முறையும் அளந்து தேதியோடு எழுதுங்கள். மிளகாயை எந்த வியாபாரியிடம் எந்தத் தேதியில் வாங்கினீர்கள் என்பதும் அதே ஏட்டில் இருக்கட்டும். பரிசோதனைக்கூடம் கடைசிப் படி. அந்த ஏடுதான் முதல் படி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்திய எள்ளில் கிருமி நீக்கப் பயன்படுத்தும் எத்திலீன் ஆக்சைடு என்ற வேதிப்பொருள் இருப்பதை 2020-இல் ஐரோப்பிய நாடுகள் கண்டுபிடித்தன. 2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் அதே காரணத்துக்காகச் சில இந்திய மசாலாப் பொடிகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற வைத்தன. அவை பெரிய நிறுவனங்களின் சரக்கு. ஆனாலும் அதற்குப் பிறகு இந்திய மசாலா என்றாலே சோதனை கூடியது. அந்தச் செலவு சிறியவர் தலையிலும் விழுகிறது. பெரிய நிறுவனம் அதைத் தாங்கும், அப்பளக் கூடம் தாங்காது. பல பெண்கள் சேர்ந்து ஒரே சமயத்தில் மாதிரி கொடுத்து, வண்டிச் செலவையாவது பங்கிட்டுக்கொள்வது நல்ல வழி.

முதலில் எந்த நாட்டுக்கு அனுப்புவது?

உங்கள் சரக்கின் ஆயுளைக் கேளுங்கள், அது சொல்லும். பாலக்காட்டுக்குப் பக்கத்து ராமசேரியில் தமிழ்வழி முதலியார் குடும்பத்துப் பெண்கள் மண்பானை மேல் துணி கட்டி அவிக்கும் இட்லிக்கு ஊரெங்கும் பெயர். ஆனால் இட்லி கப்பலேறாது. அவர்களின் மிளகாய்ப்பொடி போன்ற உலர்ந்த சரக்குதான் ஏறும். ஆறு மாதம் தாங்காத எதையும் கப்பலுக்கு நினைக்காதீர்கள்.

ஐக்கிய அரபு அமீரகம் நல்ல தொடக்கம். தமிழரும் மலையாளியும் நிறைய இருக்கிறார்கள். 2022 மே 1 முதல் நடப்பில் உள்ள ஒப்பந்தப்படி பல இந்தியப் பொருள்களுக்கு அங்கே வரி இல்லை அல்லது குறைவு; அதைப் பெற, சரக்கு இந்தியாவில் செய்தது என்று காட்டும் மூலச் சான்றிதழ் எடுக்க வேண்டும். சிங்கப்பூரும் மலேசியாவும் நமக்குப் பழகிய சந்தைகள். கோவை விமான நிலையத்திலிருந்து ஷார்ஜாவுக்கும் சிங்கப்பூருக்கும் நேரடி விமானம் உண்டு என்பதால் சிறு சரக்குக்குக் கொச்சிவரை போகவும் வேண்டியதில்லை. கன்டெய்னர் அளவுக்கு வளர்ந்தால் கொச்சியின் வல்லார்பாடம் கன்டெய்னர் முனையம் இருக்கிறது.

ஐரோப்பாவுக்கு மோர், நெய் சேர்ந்த எதையும் அனுப்ப நினைக்கிறவர்கள் நிதானிக்க வேண்டும். விலங்குவழிப் பொருள் கலந்த கூட்டு உணவுக்கான விதிகள் 2021 ஏப்ரலில் இறுகிவிட்டன. மோர்மிளகாய்க்கும் நெய்ப் பலகாரத்துக்கும் அது பெரிய தடை. எலுமிச்சை உப்பில் ஊறிய மிளகாயை முயன்று பாருங்கள்.

அமெரிக்காவின் நிலை இன்னும் வேறு. 800 டாலருக்குக் குறைந்த பார்சலுக்கு இருந்த வரிவிலக்கை அந்நாடு 2025 ஆகஸ்ட் 29-இல் நீக்கியது. நம் அஞ்சல் துறை அங்கே போகும் பெரும்பாலான பார்சல்களை ஆகஸ்ட் 25 முதல் நிறுத்திவைத்து, அக்டோபர் 15-இல்தான் மீண்டும் ஏற்றது. தீபாவளிக்கு முந்தைய அந்த வாரங்கள்தான் பலகாரக்காரருக்கு ஆண்டு முழுவதற்குமான வருமானம். ஒரே நாட்டை நம்பியிருந்தவர்கள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. சிறிய அளவிலேனும் இரண்டு நாடுகளில் வாங்குபவர் வேண்டும்.

விலை எப்படி வைப்பது? கூட வைத்தால் ஆர்டர் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

முதலில் உங்கள் கூலியைக் கணக்கில் எழுதுங்கள். உளுந்து, உப்பு, எண்ணெய், கவர், மின்சாரம் எல்லாம் எழுதிவிட்டுத் தன் உழைப்புக்குப் பூஜ்யம் போடுகிற பெண்களின் கணக்கைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். மாமியாரும் மகளும் உருட்டித் தந்த அப்பளத்துக்கும் கூலி உண்டு. அதைச் சேர்க்காமல் விலை சொன்னால், ஆர்டர் பெருகி ஆள் வைக்கும் அன்று நட்டம் தொடங்கும்.

அடுத்தது கூரியர்க் கட்டணம். அப்பளமும் சிப்ஸும் எடை குறைவு, இடம் அதிகம். விமானத்தில் எடை, இடம் இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பணம். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது வழக்கமான கணக்கு. 40, 30, 30 அளவுள்ள அட்டைப்பெட்டி 7.2 கிலோவாகக் கணக்காகும். உள்ளே மூன்று கிலோ அப்பளம்தான் இருக்கும். கூரியர்க்காரர் கேட்டபிறகு திகைக்காமல், பெட்டியின் அளவை முடிவு செய்யும்போதே இதைப் பாருங்கள்.

சரக்கை அனுப்பிய பிறகு பணம் வராவிட்டால்?

முதல் ஆர்டருக்குப் பாதித் தொகை முன்பணமாக, மீதி கப்பல் ரசீதின் நகலைக் காட்டியதும் என்று கேளுங்கள். மறுத்தால் அளவைக் குறையுங்கள். “அண்ணன் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், நம்பி அனுப்புங்கள்” என்று பேசும் வாங்குபவரிடம் கூடுதல் கவனம் தேவை. பெண் என்றால் கறாராகக் கேட்க மாட்டாள் என்ற கணக்கில் வரும் பேச்சு அது. மத்திய அரசின் ஏற்றுமதிக் கடன் உத்தரவாதக் கழகம், ஈசிஜிசி, 1957 முதல் இதற்கான காப்பீட்டைத் தருகிறது. சிறு ஏற்றுமதியாளருக்குத் தனிப் பாலிசியும் இருக்கிறது. வாங்குபவரின் கடன் நிலையை அவர்கள் மூலம் விசாரிக்கவும் முடியும்.

“எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, சோதனைக் கட்டணத்தை இந்தக் கணக்கில் போடுங்கள்” என்று மின்னஞ்சல் வந்தால், பழைய எண்ணில் தொலைபேசியில் பேசாமல் ஒரு பைசாவும் அனுப்பாதீர்கள். ஆர்டர் தருகிறவர் உங்களிடம் பணம் கேட்பதே சந்தேகத்துக்குரியது.

வங்கியில் வீட்டுப் பத்திரம் கேட்கிறார்கள். என் பெயரில் எதுவும் இல்லை.

குறு, சிறு தொழில்களுக்குக் குறிப்பிட்ட தொகை வரை பிணை கேட்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-இலேயே சொல்லிவிட்டது; அப்போது அந்த வரம்பு 10 லட்சம் ரூபாய், இன்றைய வரம்பைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேற்பட்ட கடனுக்குக் கடன் உத்தரவாத நிதியம் துணை நிற்கும். பெண்களுக்கு உத்தரவாதப் பங்கும் அதிகம். கிளையில் மறுத்தால், காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு பல மேசைகளில் பேச்சு மாறுவதை நேரில் பார்த்திருக்கிறேன். உறுதியான ஆர்டர் கையில் இருந்தால், சரக்கு தயாரிக்கவென்றே தரும் ஏற்றுமதி முன்கடனைக் கேளுங்கள். வட்டி பொதுவாகக் குறைவு.

பத்திரம் பற்றியும் சொல்லியாக வேண்டும். பூர்வீகச் சொத்தில் இந்து மகளுக்குச் சம உரிமை என்பது ஆந்திரத்தில் 1986-லும் தமிழ்நாட்டில் 1989-லும் வந்து, 2005-இல் நாடு முழுவதும் சட்டமானது. சட்டம் வந்து இவ்வளவு காலம் ஆகியும், நகை போட்டுக் கட்டிக்கொடுத்ததோடு பங்கு தீர்ந்தது என்றே வீடுகளில் பேசுகிறார்கள். அண்ணன் தம்பிகளோடு உறவு முறிய வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்ட பெண்தான் பிறகு வங்கி வாசலில் பிணையின்றி நிற்கிறாள். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் ஒரு வக்கீலிடம் பேசுங்கள்.

துபாய் விநியோகஸ்தர் எங்கள் பிராண்டுப் பெயரைத் தானே அங்கே பதிந்துகொள்கிறேன் என்கிறார். உதவிதானே?

வேண்டாம். அவர் பெயரில் பதிந்தால் அந்த நாட்டில் பெயர் அவருடையது. நாளை அவரை விட்டு வேறொருவருக்கு விற்க முடியாது. முதலில் இந்தியாவில் உங்கள் பெயரில் வணிகச்சின்னம் பதியுங்கள். மாட்ரிட் ஒப்பந்தத்தில் இந்தியா 2013-இலும் அமீரகம் 2021 டிசம்பரிலும் சேர்ந்துவிட்டதால், இங்கிருந்தபடியே அங்கும் விண்ணப்பிக்கலாம்.

கண்காட்சிக்கு வெளிநாடு போக வீட்டில் விடமாட்டார்கள். போகாமலே முடியுமா?

தொடங்க முடியும். காணொளி அழைப்பில் தயாரிப்பிடத்தைக் காட்டி ஆர்டர் பிடித்தவர்கள் இருக்கிறார்கள். கொச்சியிலும் கோவையிலும் நடக்கும் வாங்குவோர் விற்போர் சந்திப்புகளுக்கு வெளிநாட்டவர் வருகிறார்கள். ஆனால் என்றாவது ஒருநாள் போகத்தான் வேண்டும். உங்கள் சரக்கு அங்கே எந்த அலமாரியில், எதன் பக்கத்தில், என்ன விலையில் இருக்கிறது என்பதை வேறு யார் சொல்லியும் தெரிந்துகொள்ள முடியாது. இப்போதே பாஸ்போர்ட் எடுத்துவையுங்கள். வாரியங்கள் ஏற்பாடு செய்யும் அரங்குகளுக்குக் குழுவாகப் போனால் வீட்டாருக்கும் தைரியம் வரும், செலவும் குறையும்.

மாதம் நூறு கிலோ செய்கிறோம். ஒருவர் இரண்டு டன் கேட்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

ஒரே தவணையில் என்றால் மறுத்துவிடுங்கள். இருநூறு கிலோவாகப் பிரித்துத் தருகிறேன், முதல் தவணைக்குப் பணம் வந்தபின் அடுத்தது என்று எழுதியனுப்புங்கள். உண்மையாக வேண்டியவர் ஒப்புக்கொள்வார்.

நூறை இருநூறாக்க அக்கம்பக்கத்துப் பெண்களைச் சேர்த்துக்கொள்வது நல்லது. ஆனால் மாவு ஓரிடத்தில் பிசைந்து, அளந்து, எல்லாருக்கும் பங்கிட வேண்டும். இடுபவர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, அவர் இட்ட அப்பளம் போன பெட்டியில் அந்த எண்ணும் தேதியும் இருக்கும்படி செய்யுங்கள். ஷார்ஜாவில் ஒரு பாக்கெட்டில் குறை சொன்னால், எந்த நாள், எந்த வீடு, எந்த மூட்டை உளுந்து என்று அரை மணி நேரத்தில் கண்டுபிடித்து, அந்தப் பெட்டிகளை மட்டும் நிறுத்த முடியும். எண் இல்லாவிட்டால் இருநூறு கிலோவையும் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும். கூலியை வாரக்கடைசியில், அவரவர் வங்கிக் கணக்கில், அவரவர் பெயரிலேயே போடுங்கள்.